அண்ணனுக்கு வந்த பட்டப்பெயர்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அவரைப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று கேலி செய்தவர்கள்தான். தப்பாக நினைக்க வேண்டாம், நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தப் பெயர் வந்த கதையை முழுதாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சேரப்பணஞ்சேரியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், ஐ.டி.ஐ. முடித்த கையோடு கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தார். ஓ.டி. என்றால் முதல் ஆளாக நிற்பார். என்னைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தது அவர் உழைப்புதான். வாய் மட்டும் சும்மா இருக்காது. நான் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டே, “கேன்டீன் சாம்பாரே தேவலாம் பாப்பா” என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்வார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, வேன் மோதியது. முழங்கால் இடித்த வேகத்தில் தொடை எலும்பு பின்னால் தள்ளி, அது பொருந்தியிருக்கும் இடுப்புக் கிண்ணம் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூட்டை இழுத்து உள்ளே வைத்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்து தகடு வைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

எனக்கு உயிரே போய்விட்டது. எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டு நடந்து வந்தவர்களையே பார்த்து வளர்ந்தவள் நான். அம்மா வீட்டில் இருந்தார். வார்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

“வேணாண்ணா. இடுப்புல கத்தி வெச்சா நீ எழுந்துக்கவே மாட்ட. அப்பாவும் இல்ல, உனுக்கு ஒண்ணுன்னா நாங்க இன்னா பண்ணுவோம்? கட்டு போட்டுக்கலாம், வா.”

அண்ணன் என் முகத்தையே பார்த்தார். “சரி, அழாத. போலாம்” என்று, சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

நாட்டு வைத்தியரிடம் போனோம்; மூங்கில் பட்டை வைத்து, முட்டை தடவிக் கட்டினார்கள். பதினெட்டு நாளாகியும் வலி குறையவில்லை. கால் வேறு குட்டையாகத் தெரிந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் கத்தியே விட்டார். “கை எலும்புன்னா வெளியில கட்டி நிறுத்தலாம். இது உள்ளே இருக்கிற கிண்ணம்யா! துண்டெல்லாம் நகர்ந்து தப்பான இடத்துல ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. அதைப் பிரிச்சுத்தான் சேர்க்கணும். நடப்பாருன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. யாரு கூட்டிட்டுப் போனது?”

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

“நான்தான் சார் போனேன். கத்தின்னா பயம்” என்றார் அண்ணன். அம்மாவும் பெரிய மாமாவும் பக்கத்தில்தான் நின்றார்கள். பிடி பிடியென்று பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு ஒட்டியதுதான் அந்தப் பெயர்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்தது. மூன்று மாதம் காலை ஊன்றவே விடவில்லை. அப்புறம் வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடந்தவர், “லைன்ல நான் முடுக்குற ஸ்குரூவவிட இடுப்புல வெச்சது ஸ்ட்ராங்கா கீது பாப்பா!” என்றார். நான் உள்ளே போய் அழுதேன்.

நடை கொஞ்சம் சாய்ந்தே இருந்தது. தரையில் உட்காரக் கூடாது என்றார்கள். என் மகள் காதுகுத்தில் தாய்மாமனாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். “பயந்தாங்கொள்ளி மாமனுக்குத் தரைன்னாகூட பயமா?” என்று பந்தலே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

போன வருடம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளும் நான்தான் கூட இருந்தேன். “அண்ணா, எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிடட்டா?” என்று கேட்டேன்.

“இன்னாத்துக்கு? எனக்குப் பழகிப்போச்சி. உன்னத் திட்டுனா நீ தாங்க மாட்ட, விடு” என்றார். மறுநாள் காலை போய்விட்டார்.

அவரை நடக்க வைத்த மருத்துவருக்கும், ரத்தம் கொடுத்த ஷிப்ட் நண்பர்களுக்கும், கடைசிவரை தோள்கொடுத்த உறவுகள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒரே ஒரு வேண்டுகோள். இனி அண்ணனை அந்தப் பெயரால் நினைக்காதீர்கள். அன்று கத்திக்குப் பயந்தது நான்தான்.