கோசிகா மச்சாள் சேர்த்த ஆட்டக்காரர்

லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஒரு பெரிய கண்ணாடிச் சட்டம் தொங்கியது. அதற்குள் உதைபந்தாட்டக்காரரின் படம் போட்ட அட்டைகள். தொண்ணூறுகளில், என் கணவரின் குடும்பம் ஜேர்மனியில் இருந்த காலத்தில், இனிப்புப் பக்கற்றோடு வந்தவை. அதில் இருந்த ஒருவரையும் உங்களுக்குத் தெரியாது. இரண்டாம் பிரிவுக் கழகங்களில் ஆட இறங்காமல் வாங்கில் குந்தியிருந்தே காலம் கழித்தவர்கள், மூன்றாவது கோல் கீப்பர்கள், படமெடுத்த நேரம் கண்ணை மூடிவிட்ட ஒருவர். வீட்டுக்கு வந்த எவரும் என் கணவர் நிரூபனிடம் அதன் கதையைக் கேட்காமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போக முடியாது.

"மற்றப் பெடியள் பெரிய ஆக்களைத்தான் தேடுவாங்கள். மிச்சத்தைக் குப்பையில எறிவாங்கள். நான் அதைப் பொறுக்குவன். ஒருத்தரும் கேக்காத ஆளை ஆராவது கேக்கவேணுமெல்லே?"

இந்த வசனத்தை நம்பித்தான் நான் கழுத்தை நீட்டினேன். எங்களுடையது பேசிச் செய்த கலியாணம். வட லண்டன் எட்மண்டனில் மூன்று பெண்களில் நடுவில் பிறந்தவள் நான், வீட்டில் என்னை யாரும் தேடியதில்லை. முதல் தடவை சந்தித்தபோது நிரூபன் இதைச் சொன்னார். இப்படிப்பட்டவன் என்னையும் திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்து அன்றைக்கே ஓம் என்றேன்.

அவர் கதை சொல்லும் போதெல்லாம் அந்தச் சட்டத்துக்குக் கீழே, சோபாவின் ஓரத்தில், அவருடைய அக்கா கோசிகா மச்சாள் இருப்பார். விம்பிள்டனில் இருந்து ட்ராம் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்தால் சீருடையோடேயே வருவார், பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் இருப்பார், போய்விடுவார். முப்பத்தொன்பது வயதாகியும் கலியாணம் கட்டவில்லை என்பதால் எங்கள் சனத்துக்கு அவரைப் பற்றி ஆயிரம் கதை. ட்ராம் ஓட்டுகிற கை எவ்வளவு உறுதியானது என்று ஒருவரும் பேசவில்லை. வாயில்லாத பிள்ளை என்றுதான் பேர்.

இந்த வருசம் பங்குனியில் என் மகள் லக்‌ஷிகா பெரியபிள்ளையாகி, சாமத்தியப்பட்டாள். நிரூபனின் தாய், மாமி நகுலேஸ்வரி குசினிக்குள் வந்து நின்றுகொண்டு எனக்குப் புத்தி சொன்னார்.

"இனிப் பந்தடிக்கப் போகவேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை. சப்பாத்தை எடுத்துத் தம்பிக்காரனிட்டைக் குடு. கோசிகாவுக்கு நான் அப்பிடித்தான் செய்தனான். ஒரு பெட்டி நிறையப் படம் வைச்சிருந்தவள். தண்ணி வாத்த அண்டைக்கே எடுத்து நிரூபனிட்டைக் குடுத்திட்டன். கொஞ்சம் அழுதவள். பிறகு அடங்கிட்டாள்."

"என்ன படம் மாமி?"

"உதிலை தொங்குதே, உதுகள்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரவேற்பறைக்குப் போய், அங்கே இருந்த மச்சாளிடம் நேரே கேட்டேன். அவர் தலையை நிமிர்த்திச் சட்டத்தைப் பார்த்தார்.

"ஓம். என்ரைதான். பொம்பிளைப் பிள்ளையளோட அட்டை மாத்தமாட்டம் எண்டு பெடியள் சொல்லுவாங்கள். எறிஞ்சதைப் பொறுக்க ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லைத்தானே."

"ஒருத்தரும் கேக்காத ஆளை ஆராவது கேக்கவேணும் எண்டு இவர் சொல்லுறது?"

"அதுவும் நான் சொன்னதுதான். பெட்டியை அவன் வாங்கேக்குள்ள அழுதுகொண்டு சொன்னனான். குப்பையில போட்டிடாதை எண்டு."

பெட்டியை எடுத்தது போதாதென்று, அழுத பிள்ளையின் வாயில் வந்த வசனத்தையும் எடுத்து, அதைக் காட்டி என்னையும் கட்டியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் மறைக்கக்கூட இல்லை. கண்ணாடி போட்டு, அக்காவின் தலைக்கு மேலேயே மாட்டி வைத்திருந்தார்.

பின்னேரம் நிரூபன் வந்ததும் கேட்டேன்.

"சின்ன வயசுக் கதை, கௌரி. ஆர் சேர்த்தா என்ன? வீட்டுக்குள்ளதானே கிடந்தது" என்றார். வாய் கூசவில்லை.

நான் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டுபோய் மச்சாளின் மடியில் வைத்தேன். அவர் அதைத் தூக்கி மேசையில் வைத்தார்.

"அட்டையை வைச்சு நான் இப்ப என்ன செய்யிறது? அவன் ஊர் முழுக்கச் சொன்னது என்ரை கதை. அதைத் திருப்பித் தரட்டும்."

அதைத் திருப்பிக் கொடுக்க ஒரே இடம்தான் இருந்தது. கதை கேட்ட எல்லாரும் லக்‌ஷிகாவின் சாமத்தியவீட்டுக்கு வருவார்கள். மேடையில் நன்றி சொல்லும்போது உண்மையைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் மேடைக்கே வரமாட்டேன் என்று நிரூபனிடம் சொன்னேன். ஓம் என்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. லக்‌ஷிகா நகையும் பூவுமாக மேடைக் கதிரையில் இருந்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். நிரூபன் மைக்கைப் பிடித்தார்.

"உங்களுக்கெல்லாம் தெரியும், சின்னனில நானும் அக்காவும் சேர்ந்து உதைபந்தாட்ட அட்டை சேர்த்தனாங்கள். அண்டைக்கே எங்களுக்குள்ள அப்பிடி ஒரு ஒற்றுமை..."

சனம் கைதட்டியது. பாதியைக் கிள்ளிக் கொடுத்துவிட்டு முழுப் பேரையும் வாங்கிக்கொண்டார். முன்பு சொன்ன பொய்யையாவது பொறுத்திருப்பேன். இந்தப் பாதி உண்மையைக் கேட்க எனக்கு மைக்கைப் பிடுங்கவேண்டும் போல் வந்தது. நான் எழும்ப முன்னர் மச்சாள் எழும்பிவிட்டார்.

"சேர்ந்து இல்லை."

"சபையில சும்மா இரு பிள்ளை" என்று மாமி சேலையைப் பிடித்து இழுத்தார். மச்சாள் அந்தக் கையை எடுத்துவிட்டு மேடைக்கு ஏறி, தம்பியின் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"நான் தனியச் சேர்த்தனான். இப்பிடி ஒரு சாமத்தியவீட்டிலைதான் அம்மா பறிச்சவ. தம்பி வாங்கினவன். இனி ஆரும் தன்ரை எண்டு சொல்லவேண்டாம். லக்‌ஷி, உன்ரை சாமானை ஆரும் கேட்டா குடாதை. அழுதுகொண்டும் குடாதை."

ஒருவரும் கைதட்டவில்லை. மச்சாள் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்தார். லக்‌ஷிகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிரூபன் வியர்த்துப்போய் வீடியோக்காரரிடம் குனிந்து, இந்தத் துண்டை வெட்டிவிடும்படி சொன்னார்.

"ஒண்டையும் வெட்டக்கூடாது" என்று நான் மேடையிலிருந்தே சத்தமாகச் சொன்னேன்.