எத்திராஜ் ஆமாம் போட்ட வருஷங்கள்

தொம்மலூர் எத்திராஜுக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது. டில்லியில் யார் பிரதமராக வேண்டும், கிரிக்கெட்டில் யாரை முதலில் இறக்க வேண்டும், எந்தப் படம் எத்தனை வாரம் ஓடும் என்று எல்லாவற்றுக்கும் கைவசம் ஒரு தீர்ப்பு வைத்திருப்பார். கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் கட்டாயம் சொல்வார். வீட்டில் மனைவி வனஜா அதற்கெல்லாம் காது கொடுக்க மாட்டாள். "உன் கடையை பஸ்ல போய் விரிய்யா, எனக்கு சோறு வடிக்கிற வேலை இருக்குது" என்பாள்.

கடை விரிக்க அது நல்ல இடம்தான். எத்திராஜ் கர்நாடகத் தலைநகரில் அரசாங்க ஃபாக்டரி ஒன்றில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் வேலை பார்த்தார். காலை ஷிஃப்டுக்கு ஆள் ஏற்ற ஃபாக்டரி பஸ் வரும். அந்த பஸ்ஸில் யார் எங்கே உட்காருவது என்பது எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். சேர்ந்த அன்று கிடைத்த இடம், ரிடையர் ஆகும் வரை அவருடையது. லீவு போட்டால்கூட அந்த இடம் காலியாகவே வரும். மூன்றாம் வரிசையில் எத்திராஜும் ஸ்ரீகண்டய்யாவும் பக்கத்தில் பக்கத்தில். ஸ்ரீகண்டய்யா கோடிஹள்ளிக்காரர், டூல் ரூமில் வேலை. வீட்டில் பேசுவது கன்னடம். தமிழைத் தெருவிலும் தியேட்டரிலும் பொறுக்கிக்கொண்டவர். இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் சேர்ந்து, அந்த ஒரு சீட்டிலேயே நரைக்க ஆரம்பித்தவர்கள்.

எத்திராஜ் தமிழ்ப் பேப்பரோடு ஏறுவார். தலைப்பைத் தமிழில் படித்து, செய்தியைக் கன்னடத்தில் சொல்லி, கடைசியில் தன் அபிப்பிராயத்தை இரண்டிலும் கலந்து இறக்குவார். இறக்கி முடிப்பதற்குள் ஸ்ரீகண்டய்யா மறுப்பார். எத்திராஜ் சொன்னது சரியாகவே இருந்தாலும் மறுப்பார். அப்புறம் ஃபாக்டரி கேட் வரும் வரை பஸ் முழுக்கக் கொண்டாட்டம்தான். நம்ம கர்நாடகத்து ஆள் ஒருவர் பிரதமரானபோது ஸ்ரீகண்டய்யா பஸ்ஸுக்கே மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். எத்திராஜ் இரண்டு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "சீக்கிரம் தின்னுங்கப்பா, பாகு கெட்டுப்போறதுக்குள்ள கவர்மெண்ட் கவுந்துடும்" என்றார். வருஷம் திரும்புவதற்குள் நிஜமாகவே கவிழ்ந்தது. அன்று எத்திராஜ் பஸ்ஸில் ஏறிய தோரணையைப் பார்த்திருக்க வேண்டும். டில்லியில் இவரே போய்க் கவிழ்த்துவிட்டு வந்தது போலத்தான் இருந்தது.

சினிமா என்று வந்தால் இன்னும் மோசம். கன்னடத்தின் பெரிய நடிகர் ஒருவர்தான் ஸ்ரீகண்டய்யாவுக்குச் சாமி. வீட்டில் மஞ்சுநாதர் படத்துக்குப் பக்கத்தில் அவர் படமும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே ஊதுபத்தி. எத்திராஜுக்குத் தமிழ் சூப்பர் ஸ்டார். "உங்க ஆளு மூக்கால பாடறதுக்குள்ள ஹீரோயினுக்கு வயசாயிடுதே" என்று இவர் ஆரம்பிப்பார். "லோ எத்தி, உங்க ஆளு சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறதுலயே பாதி படம் போயிடுது. அவனும் எங்க ஊர் பஸ்ல டிக்கெட் கிழிச்சவன்தான், மரீபேடா, மறந்துடாதே" என்று அவர் முடிப்பார். ஆனால் புதுப் படம் வந்தால் இவருடைய ஆள் படத்துக்கு அவரும், அவருடைய ஆள் படத்துக்கு இவரும் துணைக்குப் போவார்கள். திட்டுவதற்காகவாவது முழுசாகப் பார்த்தாக வேண்டுமே.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது, வழியில் ஒரு கூட்டம் பஸ்ஸை மறித்தது. எத்திராஜின் மடியில் தமிழ்ப் பேப்பர் விரிந்து கிடந்தது. ஸ்ரீகண்டய்யா அதைச் சுருட்டித் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஃபுட்போர்டில் போய் நின்று, கன்னடத்தில் இருக்கிற கெட்ட வார்த்தை அத்தனையும் சொல்லிக் கத்தினார். "யாரைடா தேடறீங்க? எல்லாம் நம்ம ராமநகரத்துக் கன்னட ஆளுங்க. அதோ இருக்கறவன் என் தம்பி" என்றார். பஸ்ஸை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு சில மாதம் அவர் பேப்பர் கொண்டுவரவில்லை, வாயும் திறக்கவில்லை. ஒருநாள் ஸ்ரீகண்டய்யாவே கடையில் தமிழ்ப் பேப்பர் வாங்கிவந்து அவர் மடியில் போட்டார். "படிலோ. பஸ்ஸு சாவு வீடு மாதிரி இருக்குது." எத்திராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில் என்ன வந்துவிட முடியும் என்றுதான் பஸ்ஸில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். எத்திராஜும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

இரண்டாயிரத்தில், ஆடி மாதம். அந்தப் பெரிய நடிகரைக் காட்டுக் கொள்ளைக்காரன் கடத்திக்கொண்டு போய்விட்டான் என்று செய்தி வந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. தியேட்டர் மூடிவிட்டார்கள், கேபிளில் தமிழ்ச் சேனல் நின்றுபோயிற்று. கடத்தினவன் எந்தப் பாஷைக்காரன் என்பதைப் பற்றித்தான் பேச்செல்லாம். மறுபடி பஸ் ஓடிய முதல் நாள் காலை எத்திராஜ் ஏறினார். ஸ்ரீகண்டய்யா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில், அவர் முகம் வாடியிருந்தால் ஒரு கிண்டல் அடித்துத்தான் எத்திராஜ் தேற்றுவார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான். அன்றைக்கும் அதையே செய்தார்.

"விடு கண்டா, ஏன் அழறே? உங்க ஆளு ரெண்டு பாட்டு எடுத்து விட்டார்னா, அந்தத் திருட்டுப் பய தாங்காம பஸ் சார்ஜும் குடுத்து வீட்டுலயே கொண்டாந்து விட்டுடுவான்."

யாரும் சிரிக்கவில்லை. வேறொரு நாளாக இருந்திருந்தால் பஸ்ஸே குலுங்கியிருக்கும். ஸ்ரீகண்டய்யா எழுந்தார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, எத்திராஜின் முட்டியைத் தாண்டி, கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். பின்னாலிருந்து யாரோ, "நிம்மவனே அல்வேனோ அவனு?" என்றார்கள். உங்கள் ஆள்தானே அவன் என்று கேட்ட அந்தக் குரல் ஸ்ரீகண்டய்யாவுடையது இல்லை. எத்திராஜ் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னதும் வனஜா தலையில் அடித்துக்கொண்டாள். "உனக்கு வாயிலதான்யா சனி. இன்னா காலம் இது, யார் எப்பிடி மாறுவாங்கன்னு கண்டியா? வயசுக்கு வந்த பொண்ணை வச்சிக்கினு இருக்கோம். இனிமே பஸ்ல வாயத் தொறக்க மாட்டேன்னு அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்றாள். எத்திராஜ் மகள் அனுஷாவின் தலையில் கைவைத்து சத்தியம் செய்தார்.

ஒரு வாரம் கழித்து ஸ்ரீகண்டய்யா தானாகவே மூன்றாம் வரிசைக்குத் திரும்பி வந்தார். கொஞ்ச தூரம் போனதும், ஜன்னலைப் பார்த்தபடியே, "ஏன்லோ, பேப்பர் எங்கே?" என்று கேட்டார்.

"படிக்கிறதை விட்டுட்டேம்ப்பா. கண்ணு சரியில்ல" என்றார் எத்திராஜ்.

ஸ்ரீகண்டய்யா திரும்பி அவர் முகத்தையே பார்த்தார். கோபம் இன்னும் போகவில்லை என்று எத்திராஜ் நினைத்துக்கொண்டார். ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று இன்னொரு தரம் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

மூன்று மாதத்துக்கு மேல் காட்டில் இருந்துவிட்டு நடிகர் நல்லபடியாகத் திரும்பி வந்தார். ஸ்ரீகண்டய்யா பஸ் முழுக்க இனிப்புக் கொடுத்தார். எத்திராஜ் ஒரே ஒரு துண்டு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம். தெய்வப் பிறவி அவரு" என்றார். பஸ்ஸுக்கே அது வித்தியாசமாக இருந்தது. ஸ்ரீகண்டய்யா அடுத்த சீட்டுக்கு டப்பாவை நீட்டினார்.

அதிலிருந்து எத்திராஜ் ஆமாம் போட ஆரம்பித்தார். எலெக்‌ஷனில் யார் ஜெயிப்பார்கள் என்று ஸ்ரீகண்டய்யா சொன்னால், ஆமாம். கிரிக்கெட்டில் இவனை எடுத்தது தப்பு என்றால், தப்புதான். ஸ்ரீகண்டய்யா வேண்டுமென்றே அபத்தமாக எதையாவது சொல்லிப் பார்த்தார். உங்கள் சூப்பர் ஸ்டாருக்கு நடக்கக்கூடத் தெரியாது என்றார். "உண்மைதாம்ப்பா, இப்ப முன்ன மாதிரி இல்ல" என்றார் எத்திராஜ். இரண்டு வருஷம் கழித்துக் காவிரித் தண்ணீர்ப் பிரச்சினை மறுபடி தலைதூக்கியது. முன்பெல்லாம் அந்தப் பேச்சு வந்தால் இரண்டு பேரும் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, கேன்டீனில் ஒரே டீயைப் பாதியாக்கிக் குடிப்பார்கள். இந்த முறை எத்திராஜ், "உங்க பக்கமும் நியாயம் இருக்குதே கண்டா" என்றார். ஸ்ரீகண்டய்யா அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதோடு அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அருமையான இரண்டு வாய்கள், ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் சும்மா வந்து சும்மா போயின. சண்டை இல்லாததால் சமாதானமாக இருக்கிறோம் என்று எத்திராஜ் நம்பினார். பாவம், மனுஷனுக்கு இதில் மட்டும் அபிப்பிராயம் தப்பிவிட்டது.

இருவரும் அடுத்தடுத்து ரிடையர் ஆனார்கள். தொம்மலூரும் கோடிஹள்ளியும் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் கல்யாணம், கருமாதி என்றால்தான் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்து ஆறு ஏப்ரலில் அந்தப் பெரிய நடிகர் காலமானார். அன்று மத்தியானம் டிவியில் செய்தி ஓடியதுமே எத்திராஜ் செருப்பைத் தேடினார். வனஜா வாசலை மறித்து நின்றாள். "ஊரு எப்பிடி இருக்குதுன்னு பார்த்தியா? அனுஷாவையே எலெக்ட்ரானிக் சிட்டியிலேர்ந்து பாதி நாள்ல அனுப்பிட்டாங்க. பஸ்ஸைக் கொளுத்தறாங்களாம்" என்றாள். அன்று அடங்கிப் போனார். மறுநாள் காலை, "கண்டாவுக்கு இது வீட்டுச் சாவு வனஜா. நான் போகலேன்னா எப்பிடி?" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

கடைகள் எல்லாம் ஷட்டர் இறங்கிக் கிடந்தன. ஒரு மூலையில் டயர் எரிந்துகொண்டிருந்தது. அங்கே நின்ற இளவட்டங்கள் அவரைப் பார்த்து, நடிகர் பேரைச் சொல்லிக் கோஷம் போட்டன. எத்திராஜும் கையைத் தூக்கி அவர்களோடு சேர்ந்து கோஷம் போட்டார். அவர்கள் வழிவிட்டார்கள். அந்தக் கை இறங்கிய பிறகு கொஞ்ச தூரத்துக்கு அவருக்கு என்னவோ போல இருந்தது.

கதவைத் திறந்தது ஸ்ரீகண்டய்யாவின் மனைவி ராஜலக்ஷ்மி. "வாங்கண்ணா. நேத்துலேர்ந்து அடுப்பு பத்த வைக்கல, இவரு விடல. ஒரு காபிகூடக் குடுக்க முடியல உங்களுக்கு" என்றாள். உள்ளே ஸ்ரீகண்டய்யா பனியனோடு தரையில் உட்கார்ந்து டிவியில் ஊர்வலம் பார்த்துக்கொண்டிருந்தார். எத்திராஜ் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போயிட்டாரே கண்டா. இப்பிடி ஒரு மனுஷன் இனிமே பொறக்கப் போறதில்ல. என்னா நடிப்பு, என்னா பணிவு..."

"நிறுத்துலோ." ஸ்ரீகண்டய்யா டிவி சத்தத்தைக் குறைத்தார். "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. டிவியிலயும் காலையிலேர்ந்து இதையேதான் சொல்றான். நீயும் எதுக்கு?"

எத்திராஜ் பிடித்திருந்த கையை விட்டார்.

"அன்னிக்கு பஸ்ல நீ சொன்னதுக்கு எனக்குக் கோபம்தான்" என்றார் ஸ்ரீகண்டய்யா. "எத்தனை நாளு? நாலு நாளு. அப்புறம் வீட்டுல நினைச்சு நினைச்சு சிரிச்சேன். அவளைக் கேளு. பஸ் சார்ஜும் குடுத்து விட்டுடுவான்னியே, அதை அவகிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். நீ மறுபடி சண்டை போடுவேன்னுதான் பக்கத்துல வந்து உட்கார்ந்தேன். நீ ஆமாங்கறே. எது சொன்னாலும் ஆமாங்கறே. காவிரிக்கும் ஆமாங்கறே!"

"பயந்துட்டேன்ப்பா."

"யாரைப் பார்த்து?"

எத்திராஜ் தலை குனிந்தார்.

"ரோட்டுல கல்லு எறியறவனைப் பார்த்து பயந்தா சரி. நானும்தான் பயப்படுவேன். நான் உன் பக்கத்து சீட்டுலோ. என்னையும் அவங்க கூடச் சேர்த்துட்டியே." ரிமோட்டைத் தரையில் வைத்தார். "ஆறு வருஷம் எத்தி. ஒருத்தன்கிட்டயும் நான் அந்த மாதிரி பேசல. பேச ஆளில்ல."

ராஜலக்ஷ்மி உள்ளே போய்விட்டாள். எதைச் சொல்லி இதைச் சரிக்கட்டுவது என்று எத்திராஜுக்குத் தெரியவில்லை. சத்தியம் பண்ணியதைச் சொல்லலாம், வனஜா மேல் பழியைப் போடலாம். எதுவும் செய்யவில்லை. ஸ்ரீகண்டய்யா சொன்னது அத்தனையும் உண்மை என்று அவருக்கே தெரிந்தது.

டிவியில் நடிகரின் பழைய பாட்டு ஒன்றைப் போட்டார்கள். ஸ்ரீகண்டய்யா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி விடு. இப்ப சொல்லு. எப்பிடிப் பாடறாரு?" என்றார். "உன் வாயால சொல்லு. இன்னிக்குக் கிண்டல் பண்ணினாலும் பரவாயில்ல, நான் எழுந்து போக மாட்டேன்."

அவர் கண்ணில் ஓர் ஆசை இருந்தது. எத்திராஜ் வாயைத் திறந்தார். ஒரு காலத்தில் கேட்பதற்கு முன்னாலேயே வந்து விழும். இப்போது தேடித் தேடிப் பார்த்தார். மூக்கு, ஹீரோயின், வயசு என்று என்னென்னவோ மனசில் வந்தது. ஒன்றும் வாய்வரை வரவில்லை. பாட்டு முடிகிற நேரமாயிற்று.

"நல்லாத்தான் பாடறாரு" என்றார்.

ஸ்ரீகண்டய்யா தலையை ஆட்டினார். "ஹௌது" என்று மெதுவாகக் கன்னடத்தில் அவரும் ஓர் ஆமாம் போட்டுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.