கேட்டால் முளைக்காத பீர்க்கு

சேரன்மகாதேவியில் எங்கள் தெருக்காரர்கள் நல்லவர்கள். ஒரு சங்கிலியைத் தெருவில் தவறவிட்டாலும் எடுத்து வைத்திருந்து, யாருடையது என்று விசாரித்துக் கொண்டுவந்து தருவார்கள். ஆனால் விதை என்று வந்துவிட்டால் அத்தனை பேருக்கும் கை நீண்டுவிடும். கேட்டு வாங்கிய விதை முளைக்காது, முளைத்தாலும் காய்க்காது, சொந்தக்காரருக்குத் தெரியாமல் எடுத்துவந்தால்தான் பந்தல் நிறையும் என்று ஒரு நம்பிக்கை. இதை முதலில் சொன்னவர் மட்டும் என் அத்தான் சிவசண்முகத்தின் கையில் கிடைத்திருந்தால் முழுசாக வீடு திரும்பியிருக்க மாட்டார்.

அத்தான் என்றால் என் அக்கா கோமுவின் வீட்டுக்காரர். பத்திர ஆபீசில் எழுத்தர். அவர்கள் குடும்பத்து வயல்கள் ஒவ்வொன்றாகக் கைமாறியபோது அந்தப் பத்திரங்களுக்கும் அவர்தான் உட்கார்ந்து நகல் எழுதினார். மிஞ்சியது வீடும், கிணற்றைச் சுற்றியிருந்த புறவாசலும்தான். ஆபீஸ் குண்டூசி ஒன்றுகூட வீட்டுக்கு வந்ததில்லை. பக்கத்து வீட்டு முருங்கை இவர் பக்கம் சாய்ந்து காய்த்தால், உடையவர் வாசலில் போய் நின்று, "ஒங்க காய் எங்க பக்கம் தொங்குது, பறிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வருவார். அவர்கள் "நீங்களே பறிச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்றாலும் பறிக்க மாட்டார். இப்படிப்பட்ட மனிதருக்கு இப்படிப்பட்ட தெரு வாய்த்தது.

அந்தப் புறவாசலில்தான் அவருடைய உயிர் இருந்தது. கத்தரியைப் பழுக்கவிட்டு, பிசைந்து கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்துவார். வெண்டையை நெற்றோடு நூலில் கட்டி அடுப்படி உத்தரத்தில் தொங்கவிடுவார். ஞாயிற்றுக்கிழமையானால் பழைய பத்திரிகைத் தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார். யாரைப் பார்த்தாலும், "ஒம்ம வீட்ல என்ன வெத இருக்கு? ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக்கிடுவோம்" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். தெருவில் ஒருவரும் வாங்க மாட்டார்கள். மறுவாரம் அவர் விதைக்கென்று விட்டிருந்த காய் காணாமல் போயிருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய வயிற்றெரிச்சல் கொத்துப் பீர்க்கு. சாதாரணப் பீர்க்கு ஒற்றை ஒற்றையாகத் தொங்கும். இது விரல்நீளக் காயாகக் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். எங்கள் பக்கத்தில் வேறு யாரிடமும் கிடையாது. தென்காசி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கடையத்துக்காரரிடம் வெள்ளைக் கத்தரி விதை கொடுத்து, மாற்றாக இதை வாங்கியிருந்தார். "சிவசண்முகம் வீட்டுப் பீர்க்கு" என்று ஊரில் பெயராகிவிட்டது. வயல் போனபின் அந்த வீட்டுப் பெயரைச் சொல்ல அந்தக் கொடி ஒன்றுதான் இருந்தது. அதை அத்தான் வாய்விட்டுச் சொன்னதில்லை, எங்களுக்குத் தெரியும்.

"நான் இத கேட்டுத்தானவே வாங்குனேன். முளைக்கலையா? காய்க்கலையா?" என்று தெருவில் நின்று வாதாடுவார்.

"அது ஒங்க கைராசி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பீர்க்கு கொடியிலேயே காய்ந்து, உலுக்கினால் உள்ளே விதை கலகலக்கிற பருவத்துக்கு வரவேண்டும். அதுதான் நெற்று. அது வருகிறவரை இந்தத் தெரு பொறுமையாகக் காத்திருக்கும். வந்ததும் காணாது. அத்தான் புறவாசல் நடுவில் நின்று, "எவன்லே அது? எவ அது? கேட்டா தரமாட்டேனா?" என்று கத்துவார். பக்கத்து வீட்டுச் சட்டி பானைச் சத்தமெல்லாம் சட்டென்று நின்றுபோகும். திருடிக்கொண்டு போனவர்களாவது ஒழுங்காக வளர்த்தார்களா? நீளப் பீர்க்குக்குப் பக்கத்திலேயே ஊன்றுவார்கள். இரண்டும் கலந்து, அடுத்த வருஷம் கொத்தும் இல்லாமல் நீளமும் இல்லாமல் ஒரு இரண்டுங்கெட்டான் காய்க்கும். அதைப் பார்த்தால் அவருக்கு இன்னும் பொங்கிக்கொண்டு வரும்.

ஆற்றில் பெரிய வெள்ளம் வந்ததற்கு அடுத்த வருஷம் அத்தான் ஒரு காரியம் செய்தார். திருடர்கள் வருவதற்கு முன்னால் தாமே முந்திக்கொள்வது என்று முடிவுசெய்து, நெற்று முற்றாமல் பச்சை வாடையோடு இருக்கும்போதே அத்தனையையும் பறித்துவிட்டார். விதைகளை எடுத்து ஒரு பால்பவுடர் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி, இரும்பு பீரோவில் அக்காவின் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

"காயாத வெதய இப்படி மூடி வைக்கலாமா? ஒங்களுக்குக் கோட்டிதான் பிடிச்சிருக்கு" என்றாள் அக்கா.

"காத்துப் போனா களவாணியும் போவான். நீ பேசாம இரு."

ஆடி பிறந்தது. மெழுகைச் சுரண்டி டின்னைத் திறந்தார். நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன். ஊசல் நாற்றம் குப்பென்று வந்தது. உள்ளே சாம்பல் பூத்த கட்டியாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தான் அதை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். ஒரு விதையாவது தேறாதா என்று எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டார். எல்லாம் சொத்தையாக மிதந்தன. இருந்தாலும் விடாமல் ஊன்றினார். ஒன்றும் வரவில்லை. வருஷக்கணக்காகத் திருட்டுக்குத் தப்பிய விதையைத் தாமே பூட்டிவைத்துக் கொன்றுவிட்டாரே என்று எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அக்கா பட்டுச்சேலைகளை வெயிலில் உதறிப் போட்டாள்.

இனி முளைக்காது என்று தெரிந்த மறுநாளே என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு விக்கிரமசிங்கபுரம் போனார். அங்கே மில்லில் வேலைபார்த்த இசக்கி ஒருவன்தான் அவரிடம் கொத்துப் பீர்க்கு விதையை முறையாக மாற்றிக்கொண்டவன். இசக்கி சிரித்த முகமாகப் பந்தலுக்குக் கூட்டிப்போனான். முழநீளத்தில் ஒற்றைக் காயாகத் தொங்கியது.

"என்ன வே இது?" என்றார் அத்தான்.

"போன வருஷம் கொத்தாத்தான் அண்ணாச்சி இருந்துச்சு. பக்கத்துல மச்சினன் அவன் பீர்க்கப் போட்டான். ரெண்டும் சேந்துட்டு போல."

திரும்பி வரும்போது அத்தான் மிதித்த மிதியில் சைக்கிள் செயின் இரண்டு தடவை கழன்றது.

புரட்டாசியில்தான் அது கண்ணில் பட்டது. அக்கா வீட்டுக்குப் பால் ஊற்றுகிற ஆறுமுகத்தாயின் வீடு கால்வாய்க்கு அந்தப்புறம், வயலை ஒட்டித் தனியாக இருக்கும். சுற்றிலும் வேறு தோட்டம் கிடையாது. அவள் தொழுவத்துக் கூரை முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பீர்க்கு! கலப்பே இல்லாத அசல். தினமும் காலையில் அத்தானின் புறவாசல் வழியாக வந்து பால் ஊற்றிவிட்டுப் போகிறவள். என்றைக்கோ ஒரு நெற்று அவள் மடியில் போயிருக்கிறது.

அத்தான் கோபப்படவில்லை. கோபப்பட்டால் காரியம் கெடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்ததில் நல்ல வெள்ளைக் கத்தரி விதையைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, நேரே போய் அந்தக் கூரைக்குக் கீழே நின்று கேட்டார்.

"ஆறுமுகத்தாயி, ஒரு நெத்து மட்டும் எனக்கு விடு. பதிலுக்கு இந்தக் கத்தரி வெத வச்சுக்க."

அவள் சாணி அள்ளிய கையோடு நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"எந்த நெத்து அண்ணாச்சி?"

"ஒன் தலைக்கு மேல தொங்குதே, அதோட நெத்து."

"அய்ய, இது எங்க அண்ணன் களக்காட்டுலேர்ந்து கொண்டாந்ததுல்லா! வெதைக்கு ஒண்ணும் விடல அண்ணாச்சி, எல்லாம் கறிக்குத்தான்."

அத்தான் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார். வீட்டுக்கு வந்து, "என் காய்க்குக் கீழ என்னையவே நிறுத்தி வச்சு, களக்காடுங்கா! களக்காடு!" என்று குதித்தார். நாளையிலிருந்து அவளிடம் பால் வாங்கக் கூடாது என்றார். அக்கா வழக்கம்போல வாங்கினாள். அவர் வழக்கம்போலக் காப்பி குடித்தார்.

கார்த்திகை கடைசியில் அவள் கூரையில் இரண்டு நெற்று காய்ந்து தொங்கின. கறிக்குத்தான் என்றவள் வீட்டில் நெற்று! அதுவும் வேலிப்பக்கம், சணலால் இழுத்துக் கட்டி, ஆள் உயரத்துக்குத் தாழ்த்தி விட்டிருந்தாள். அத்தான் ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் வேண்டுமென்றே கால்வாய்ப் பக்கம் சுற்றிக்கொண்டு போய் அதைப் பார்த்துவிட்டு வருவார்.

"எனக்குக் காட்டிக் காட்டித் தொங்கவிட்டிருக்கா, பாத்தியாலே? திமிரு!" என்றார் என்னிடம்.

"சவத்த விடுங்க. வேற பீர்க்கே இல்லையா ஒலகத்துல?" என்றாள் அக்கா. அதற்கு அவர் பார்த்த பார்வையில் அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடையோடு என் வீட்டுக்கு வந்தார். "வா, கால்வாய்ப் பாலத்துல வந்து நில்லு. ஆளு வந்தா இருமு" என்றார். எனக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது. குண்டூசி எடுக்காத மனிதர்.

ஆறுமுகத்தாய் எருமைகளை ஆற்றுக்குப் பத்திக்கொண்டு போயிருந்தாள். கதவு திறந்தே கிடந்தது. அத்தான் வேலியோரம் இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் திரும்பி வந்தார். மூன்றாம் தடவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியைத் தாண்டினார். முள் கிழித்தது. ஒரு நெற்றை மட்டும் அறுத்து மடக்கிய குடைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தக் கத்தரி விதைப் பொட்டலத்தை எடுத்து, நெற்று இருந்த சணலிலேயே கட்டிவிட்டு வந்தார்.

"களவில்ல இது. மாத்திக்கிட்டேன்" என்றார் என்னிடம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நடக்க நடக்கக் குடைக்குள் விதை கலகலவென்று சத்தம்போட்டது. எதிரே வந்தவர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, இந்த வெயில்ல கொடைய மடக்கிப் பிடிச்சிட்டுப் போறிய?" என்று விசாரித்தார். அத்தானுக்கு வேர்த்து ஊற்றியது. அவர் விரைந்த விரைவில் இன்னும் பலமாகக் கலகலத்தது.

மறுநாள் காலையில் நான் அக்கா வீட்டில் இருந்தேன். ஆறுமுகத்தாய் பாலை ஊற்றிவிட்டு, மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கிணற்றுமேடையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, இத எங்கனயோ மறந்து வச்சிட்டு வந்துட்டிய போல."

அத்தான் வாயில் பல்பொடியோடு நின்றார். "அது ஒனக்குத்தான்."

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. பதிலுக்கு ஒண்ணு வச்சா அது வாங்குனதால்லா ஆயிரும்? பெறவு எப்படி முளைக்கும்?"

அவ்வளவுதான். அத்தனை மாதமாக அடக்கிவைத்ததெல்லாம் அவருக்கு வெடித்துவிட்டது. "அன்னைக்கு வந்து கேட்டேன்லா? ஒன் கூரைக்குக் கீழ நின்னு வாயத் தொறந்து கேட்டேன்லா? அப்பமே தந்திருந்தா, இந்த வயசுல நான் ஏன் வேலி தாண்டுதேன்? என்னையக் களவாணி ஆக்கிட்டிய எல்லாரும்!"

அவள் பயப்படவில்லை. அவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறதே என்ற சலிப்புத்தான் அவள் குரலில் இருந்தது.

"கேட்டியள்லா அண்ணாச்சி, அதாலதான தர முடியல. கேட்ட பெறவு தந்தா ஒங்களுக்கு முளைக்குமா? ஒங்கட்ட வேற வெதையும் இல்லன்னு அக்கா சொன்னாவ. அதுக்காவத்தான் நெத்தக் கைக்கு எட்டுத மாதிரி தாழ இழுத்துக் கட்டி, மத்தியானம் மத்தியானம் வீட்டத் தொறந்து போட்டுட்டு எருமையப் பத்திட்டுப் போனேன். நீங்க வாரதுக்கு இம்புட்டு நாளாச்சு."

பால்செம்பை எடுத்துக்கொண்டு பைய நடந்து போய்விட்டாள். அத்தான் கிணற்றுமேடையில் உட்கார்ந்துவிட்டார். வாயைக் கொப்பளிக்க அக்காதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தையில் ஊன்றினார். ஒரு விதை பழுதில்லாமல் அத்தனையும் முளைத்தன. சித்திரையில் பந்தல் தாங்காமல் கூடுதலாக நான்கு கம்பு ஊன்றவேண்டி வந்தது. வேலி தாண்டிய சங்கதி அதற்குள் எப்படியோ தெருவுக்குத் தெரிந்திருந்தது. "பாத்தியளா?" என்று தெருவே கேட்டது. அத்தானுக்கு அதுதான் பொறுக்கவில்லை. முற்றின நெற்று, தனியாக நின்ற கொடி, நல்ல மண், வேறொன்றும் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் தொண்டை வற்ற விளக்கினார். "ஆமா அண்ணாச்சி, ஆமா" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். அந்த வருஷம் பீர்க்கங்காய்க் கூட்டு வைத்த அன்றெல்லாம் அவர் கூட்டைத் தொடாமல் ரசத்தோடு எழுந்துவிட்டார்.

நெற்று காய்ந்தது. ஒருநாள் மத்தியானம் போயிருந்தேன். அத்தான் புறவாசலில் முனகிக்கொண்டே ஒரு நெற்றைச் சணலால் இழுத்து, மதிலுக்கு வெளியே கை எட்டுகிற இடத்தில் கட்டிக்கொண்டிருந்தார். "கேட்டு வாங்காதுக, மூதிங்க" என்றார் என்னைப் பார்க்காமல். பிறகு புறவாசல் கதவைத் தாழ் போடாமல் சாத்திவிட்டு, முன்கட்டுக்கு வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா பின்பக்கத்திலிருந்து வந்தாள்.

"நெத்து போயிட்டுங்க. நான் பாத்தேன். அது யாருன்னா..."

"சொல்லாத!" என்று கத்தினார் அத்தான். "முளைக்காமப் போயிரும்."