உட்கார்ந்து செய்கிற வேலை உள்ள கதை

அடுத்து எந்த நாவலைப் படிக்கலாம் என்று இப்போதும் சிலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனாலும் கேட்கிறார்கள். கிளப் சாவி பல வருஷம் என் இடுப்பில் இருந்ததால், புத்தகம் தெரிந்தவன் என்று வந்த பேர் அது. கேட்டால் ஏதாவது சொல்வேன். சொல்லும்போதெல்லாம் ஒரு பெண்ணின் ஞாபகம் வரும். அதை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளில் இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எனக்குத் தபால் பை தூக்குகிற வேலை. காலையில் போஸ்டாபீஸுக்கு இறங்குவேன். பையோடு ஏறி வருவேன். சாயங்காலம் தொழிலாளர் கிளப்பைத் திறப்பேன். அங்கே ஒரு கேரம் போர்டு, ஒரு ரேடியோ, ஒரு அலமாரி. அலமாரியின் மேல்தட்டுகளில் சர்க்கார் கொடுத்த மலையாளப் புத்தகங்கள். அதை யாரும் தொட்டதில்லை. கீழ்த்தட்டில் தமிழ் நாவல்கள். மாற்றலாகிப் போன கிளார்க்குகள் விட்டுப் போனவை கொஞ்சம். வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்து எடுத்துச் சாக்கு ஊசியால் தைத்தவை மீதி.

பாதிக்கு மேல் அட்டை கிடையாது. அட்டை இல்லாததால் பேரும் கிடையாது. கிணற்றுக் கதை, மச்சுவீட்டுக் கதை, ரயில் கதை என்று நாங்களே பேர் வைத்தோம். மழைக்காலத்தில் ரோடு இடிந்து பஸ் வராத வாரம் பத்திரிகையும் வராது. அதனால் தைத்த கதைகளுக்கு நடுவில் ஓட்டை இருக்கும். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும். பக்கத்தைப் புரட்டினால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஆட்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பது சுலபம். கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு அழுகை வர வேண்டும். பாக்டரி ஆட்களுக்குக் கொலை வேண்டும். ஒரு தடவை டிராக்டர் டிரைவர் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் போட்டான்.

"அண்ணே, கடைசி ரெண்டு பக்கத்தைக் காணோம். யாரு கொன்னான்னு தெரியாம நேத்து பூரா தூக்கமில்ல."

"உனக்கு யாரைப் பிடிக்கலையோ அவன்தான் கொன்னான்னு வச்சுக்க."

"அப்ப நம்ம கங்காணிதான்" என்றான்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில், எனக்கு நாலு வாசல் தள்ளி, ஒரு அம்மாளும் மகளும் இருந்தார்கள். புருஷன் இல்லை. அம்மாளை நான் அக்கா என்பேன். மகளுக்கு இருபது தாண்டியிருந்தது. சிறுவயதில் காய்ச்சல் வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. கம்பு ஊன்றித்தான் நடப்பாள். மலைச்சரிவில் நின்று கொழுந்து கிள்ள அவளால் ஆகாது. அதனால் எஸ்டேட் ஆட்களின் பேர்ப்பதிவான செக்ரோலில் பேர் ஏறவில்லை. அம்மா வேலைக்குப் போவாள். மகள் சோறாக்கிவிட்டுப் படிப்பாள். கிளப்புக்கு ஏறி வருவது அவளுக்குக் கஷ்டம் என்பதால் அம்மாதான் முந்தானையில் சுற்றிப் புத்தகம் எடுத்துப் போவாள்.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. செக்ரோலில் பேர் இருந்தால் வீடு. பேர் போனால் வீட்டையும் விட வேண்டும். ரிட்டயர் ஆகிறவர்கள் பிள்ளையின் பேரைப் பதிந்துவிட்டு அதே வீட்டில் இருப்பார்கள். அக்காவுக்கு ரிட்டயர் வந்தது. பதிய ஒரு பேரும் இல்லை.

பாக்டரியில் தேயிலைத் தூளில் குச்சி பொறுக்குகிற வேலை உண்டு. பெண்கள் உட்கார்ந்து செய்வார்கள். மகளுக்கு அதைக் கொடுக்கச் சொல்லி ஆபீஸில் அபேட்சை மனு கொடுத்தார்கள். எழுதியது நான். கீழே கையொப்பம் வைத்தது அக்கா. முதலில் தேயிலைக் காட்டில் வேலை செய்து ரோலில் ஏறட்டும், பிறகு பாக்டரி என்று பதில் வந்தது. மலையாளி கிளார்க் நல்ல மனுஷன். "பேரில்லாம வீடு கிட்டில்ல சேச்சி" என்று இரண்டு தடவை மெதுவாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் மகளே கிளப்புக்கு வந்தாள். ஏறி வந்த மூச்சு அடங்குகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஒரு கதை வேணும் மாமா."

"எது மாதிரி?"

"பொம்பள உக்காந்து வேலை செஞ்சு சாப்பிடணும். அப்படி ஒண்ணு."

கேலி பேசுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

"வீட்டை விட்டுட்டுக் கீழ போகணும்ல. எந்த ஊருக்குப் போக, என்ன வேலை செய்யன்னு தெரியணும்."

"கதையைப் படிச்சு யாராவது ஊரு தேடுவாங்களா?"

"வேற யாரைக் கேக்க? இந்த லயத்துல கீழ போய்ப் பொழச்சவுக யாரு? நீங்களே போஸ்டாபீஸைத் தாண்டினதில்ல."

அது சரிதான். நாங்கள் எல்லாரும் மலையில் பிறந்தவர்கள். ஊர் என்று ஒரு பேர் மட்டும் எல்லா வீட்டிலும் இருக்கும். அக்கா தன் அப்பன் ஊருக்கு ஒரு தடவை போனாள். வீடு இருந்த இடத்தில் வேலிக்கருவை முளைத்திருந்தது. நீங்க யாரு என்று கேட்டார்களாம். நெல்வயல், ஆறு, சந்தை, அக்ரகாரம் எல்லாம் எங்களுக்கு நாவலில் பார்த்ததுதான். கீழே அப்படித்தான் இருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன்.

அதன்பிறகு கீழ்த்தட்டுப் புத்தகங்களை அவளுக்காக மறுபடி படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். நாளாயிற்று. நாவல்களில் பெண்கள் உட்காராமல் இல்லை. வாசலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். உட்கார்ந்து அழுதார்கள். வீணை வாசித்தார்கள். வேலை செய்கிற பெண்கள் மட்டும் நின்றார்கள், குனிந்தார்கள், சுமந்தார்கள்.

முதலில் தையல்காரி வருகிற ஒரு கதையைக் கொடுத்தனுப்பினேன். உடனே திரும்பி வந்தது. என்ன என்று வாசலில் நின்று கேட்டேன்.

"மெசினை மிதிக்க ரெண்டு காலும் வேணும் மாமா."

அதை யோசிக்காமல் விட்டிருந்தேன். பிறகு பட்டணத்தில் டைப் அடிக்கிற பெண் கதை. அதற்கு இங்கிலீஷ் வேண்டும். அவளும் என்னைப்போல அஞ்சாம் வகுப்புதான். பிறகு கால் ஊனமான பெண்ணே வருகிற கதை ஒன்று கிடைத்தது. இதையாவது வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"நல்லாயில்லையா?"

"நல்லாத்தான் எழுதியிருக்கு. நொண்டிப் புள்ள வந்தா கடைசியில செத்துருது. இல்லாட்டி எவனாவது பாவம் பாத்துக் கட்டிக்கிடுதான். எனக்கு ரெண்டும் வேண்டாம்."

உள்ளேயிருந்து அக்கா சொன்னாள்: "கட்டிக்கிடுதவன் வந்தா வரட்டுமேட்டி. நீ ஏன் முன்கூட்டியே விரட்டுத?"

"வாசல்ல வரிசையா நிக்காங்கல்லா, விரட்டுததுக்கு" என்றாள் மகள்.

கடைசியில் தட்டின் அடியில் ஒன்று கிடைத்தது. முன் அட்டை இல்லை. முதல் அத்தியாயமும் இல்லை. தெற்கே ஒரு கோயில் ஊர். கதையில் ஊர்ப்பேரை மாற்றியிருந்தது. ஆனால் கோபுரத்தையும் தெப்பக்குளத்தையும் பற்றி எழுதியிருந்ததில், காலண்டர் படத்தில் பார்த்த ஊர்தான் என்று தெரிந்துவிட்டது. அங்கே புருஷனை இழந்த ஒருத்தி கோயில் வாசலில் உட்கார்ந்து பூக்கட்டி விற்கிறாள். மகனை வளர்க்கிறாள். அவளை யாரும் எழுப்பிவிடவில்லை. கதை முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறாள்.

அதைக் கொடுத்தனுப்பினேன். அவள் திருப்பி அனுப்பவில்லை. ஒரு நாள் போனபோது வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து வேலியோர உண்ணிப்பூவைக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் குளிருக்கு மல்லிகை வராது. வாழைநாரும் கிடையாது. சாக்கு நூலைப் பிரித்து வைத்திருந்தாள். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுருக்கு. புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. பக்கம் விரிந்து கிடக்க, அதைப் பார்த்துப் பார்த்துக் கட்டினாள். கையெல்லாம் பூவின் நாற்றம்.

அடுத்த வீட்டுக்காரி கேட்டாள்: "யாரு கழுத்துல போட இம்புட்டு மாலை? ஆடுகூட மோந்து பாக்காது இந்தப் பூவை."

"உங்க கழுத்துக்குத்தான் அத்தை. அளவு சொல்லுங்க."

புறப்படுகிற அன்றைக்குச் சாமான் அதிகம் இல்லை. இரண்டு மூட்டை, ஒரு டிரங்குப்பெட்டி. ரோடு வரைக்கும் பெட்டியை நான் தூக்கிப் போனேன். பஸ் வர நேரமாயிற்று. புத்தகத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். மடியில் வைத்துக்கொண்டாள். சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் சொன்னேன்.

"அது கதை, புள்ள."

"தெரியும் மாமா. கதைன்னாலும் அந்த ஊரு இருக்குல்லா."

அக்கா என்னைப் பார்த்து, "எனக்கு எந்த ஊரானா என்ன தம்பி, இவ சொல்லுத இடத்துல எறங்க வேண்டியதுதான்" என்றாள். பஸ் வந்தது. ஏறினார்கள்.

கடிதம் எதுவும் வரவில்லை. தபால் பையைத் தினமும் நான்தான் பிரித்தேன்.

மறுவருஷம் மலையில் இருக்கிற சொந்தத்தில் ஒரு பிள்ளைக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து என்று, முதல் தடவையாக அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. அதை முடித்துவிட்டு அந்தக் கோயில் ஊரில் இறங்கினேன். கோபுரம் இருந்தது. தெப்பக்குளம் வறண்டிருந்தது. வாசலில் இரண்டு பக்கமும் பூக்காரிகள். விரல் போகிற வேகம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஒரு பெரியம்மாளிடம் கால் ஊனமான பெண்ணையும் அவள் தாயையும் பற்றிக் கேட்டேன்.

"மலையில இருந்து வந்த புள்ளயா? வந்தா. அந்தத் தூணு கிட்ட சாக்கை விரிச்சா. இது என் மாமியா இடம், அது அவ மாமியா இடம். புதுசா எவளும் வந்து உக்கார முடியாது. அதைச் சொன்னோம்."

"பூ கட்டுவாளே."

"கட்டினா. பாத்தோம். அவ ஒரு முழம் கட்டுததுக்குள்ள பூ வாடிரும்." கையை நிறுத்தாமலே சொன்னாள். "இங்க ஒருத்தி உக்காந்திருந்தாளாமே, புஸ்தகத்துல இருக்குன்னு காட்டினா. எங்களுக்கு எழுத்து தெரியாது. அப்படி ஒருத்தியும் இங்க இருந்ததில்ல."

"பொறவு?"

"சண்டை எல்லாம் போடல. சாக்கைச் சுருட்டிட்டுப் போயிட்டாக."

"எங்க?"

"அதை யாரு கேட்டா?"

தர்மம் வாங்க உட்கார்ந்திருந்தவர்கள் தெப்பக்குளத்துப் பக்கம் நீள வரிசையாக இருந்தார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டிலும் பார்த்தேன். அவர்கள் இல்லை. இல்லாதது நல்லதா, கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. மலைக்குப் போகிற பஸ் நின்றது. ஏறிக்கொண்டேன்.