கழுவிய தொட்டியில் காற்றை அளந்தேன்

காற்றின் வேகத்தை லேசர் ஒளியால் அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஆலை ஆலையாக அலைவது என் பிழைப்பு. போன நவம்பரில் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனேன். இலை சரியாக வாடுவதில்லை என்று புகார். கம்பி வலைமேல் இலையைப் பரப்பி, கீழிருந்து ஃபேன் காற்றடித்து வாட்டும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் சந்திரன் வேலை நேரத்தில் தூங்குகிறார் என்றார் மேனேஜர். தொட்டிக்குக் காற்றே வருவதில்லை என்றார் சந்திரன். அவர் சொன்னது பொய்யானால் அந்த வேலை அவருக்கு இல்லை.

மேட்டுப்பாளையத்தில் காலை 6.10 பஸ். 34 கி.மீ. ஏற குன்னூருக்கு இரண்டு மணி நேரம். பர்லியாறு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. குன்னூரிலிருந்து ஒன்பது கி.மீ. ஜீப், 500 ரூபாய். மலையழகு பற்றிக் கேட்காதீர்கள், மூடுபனியில் எதிரே வந்த லாரியே தெரியவில்லை.

கருவியின் சங்கதி எளிது. இரண்டு லேசர் கதிர்கள் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். காற்றோடு போகும் தூசி அங்கே மினுங்கும். அந்த மினுங்கலிலிருந்து வேகம் தெரியும். தூசி இல்லாவிட்டால் கருவி குருடு. ஃபேன் ஓடியும் திரையில் ஒன்றும் வரவில்லை.

“தொட்டியை ஏதாவது பண்ணினீங்களா?” என்று சந்திரனிடம் கேட்டேன்.

“நேத்தே கம்பி வலையெல்லாம் கழட்டிக் கழுவிட்டனுங்க சார். அடைஞ்சு கிடந்த தூசியே ரெண்டு சாக்கு இருந்துச்சு. பெரிய மெஷின் வருதுன்னாங்க, அசிங்கமா இருந்தா நல்லாருக்காதுங்களே.”

காற்றை மறித்ததே அந்தத் தூசிதான்.

தூசிக்குப் பதிலாக, சந்திரனே பூசை மாடத்திலிருந்து சாம்பிராணி கொண்டுவந்து புகை போட்டார். “மெஷினுக்கே பூசைங்களா!” என்று சுற்றி நின்ற தொழிலாளர்கள் சிரித்தார்கள். புகையில் எண் வந்தது: நொடிக்கு நான்கு மீட்டர். இருக்க வேண்டிய வேகம்.

“நேத்து வரை வலை அடைஞ்சு கிடந்திருக்கு சார்” என்று மேனேஜர் அறைக்குப் போய் அவரிடம் மன்றாடினேன்.

“நேத்து நீங்க அளந்தீங்களா? இன்னைக்கு அளந்ததை எழுதிக் குடுங்க, போதும்.”

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது.

இந்தக் கருவியோடு மலையேறுகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் பெட்டிக்கு இரண்டு உறை போடுங்கள். குன்னூரில் கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். முக்கியமாக, கிளம்பும் முன் போன் செய்து, எதையும் கழுவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.

பெட்டியை மழையில் நனையாமல் ஜீப் வரை சுமந்து வந்தவர் சந்திரன்தான். “இப்ப காத்து நல்லா வருதுங்களா சார்?” என்று கேட்டார். நன்றாக வருகிறது என்றேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.