படங்குக்கு அடியில் ஒரு கறுப்புப் பொருக்கு

சேரம்பாடிப் பக்கத்து எஸ்டேட் டிஸ்பென்சரியில் வேலாமணியை யாரும் நர்ஸ் என்று கூப்பிடுவதில்லை. அவர் நர்ஸுக்குப் படித்தவரும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் தவறி, பதினோரு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்து, முழங்கால் இனி மேடு ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த பிறகு, நோயாளிகளுக்கு எடை பார்க்கவும் பேர் எழுதவும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். உட்கார்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அப்பா அன்னூரிலிருந்து ஃபேக்டரி லாரி ஓட்ட மலையேறி வந்தவர். அதனால் சிலோனிலிருந்து வந்த குடும்பங்களும் மலையாளமும் கலந்த அந்தத் தொழிலாளர் லைன் வீடுகளில் வேலாமணியின் பேச்சு மட்டும் கோயமுத்தூர்ப் பேச்சாகவே நின்றுவிட்டது.

கம்பவுண்டர் சில்வஸ்டர் அவரை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அது மரியாதை இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக் குழு அந்தப் பக்கம் வந்தது. மழைக்குப் பிந்தைய மாதங்களில் எஸ்டேட்டில் வரும் காய்ச்சல்களில் ஒரு பங்கு உண்ணிக் காய்ச்சல். டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். ஒருத்திக்கு மாத்திரையில் போய்விடுகிற அதே காய்ச்சல் இன்னொருத்தியின் நுரையீரலை ஏன் பிடிக்கிறது, கிருமி உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. எழுதப் படிக்கத் தெரிந்த, பெண்கள் கூச்சப்படாமல் பேசக்கூடிய ஆள் ஒருவர் அவர்களுக்கு வேண்டியிருந்தது. வேலாமணிக்கு ஆறு நாள் பயிற்சி கொடுத்தார்கள். கழுத்தில் ஓர் அடையாள அட்டை, கையில் படிவங்கள் ஏற்றிய ஒரு ஃபோன்.

குழுவின் டாக்டர் சசிதரன் கூடலூர்க்காரர். முப்பது வயது இருக்கும். பயிற்சியில் அவர் சொன்னதை வேலாமணி நோட்டில் எழுதவில்லை, கேள்வி கேட்டே மனதில் ஏற்றிக்கொண்டார்.

"உண்ணியோட குஞ்சு கண்ணுக்கே தெரியாது சேச்சி. கடிச்சா வலிக்கவும் செய்யாது. அது வழியா உள்ள போற கிருமி ரத்தக்குழாயோட உள்சுவர்ல போய்க் குடியிருக்கும். நம்ம செல்லுக்குள்ள சாமான் தூக்கிட்டுப் போறதுக்குன்னு ஒரு ஏற்பாடு இருக்கு. இந்தக் கிருமி அதுலயே தொத்திட்டு நடுவுக்குப் போயிடுது. இதையெல்லாம் இப்ப கொஞ்ச வருஷமாத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க."

"நம்ம ஜீப்புலயே நம்மளக் கேக்காம லிஃப்ட் வாங்கிட்டுப் போறானுங்களா?"

சசிதரன் சிரித்துவிட்டார். முற்றிய காய்ச்சலுக்கு இரண்டு மருந்தைச் சேர்த்து ஏற்றுவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலேயே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள் என்றார். கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்ளும் வேலையை ஒரு மருந்து ஓரிடத்தில் தடுக்கும், இன்னொன்று வேறோர் இடத்தில்.

வேலாமணியின் வீட்டுக்காரர் கணேசனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. "ரோலரையும் நிறுத்திப்போட்டு டிரையரையும் நிறுத்திப்போட்டா தூள் எங்கிருந்துங்க வரும்?" என்றார் வேலாமணி. "அப்பிடித்தானுங்களே?"

"அப்படியேதான்" என்ற சசிதரன் அந்த உதாரணத்தைப் பிறகு எல்லாக் கூட்டத்திலும் சொன்னார்.

வேலாமணியின் வேலை இதுதான். காய்ச்சலோடு வருகிறவர்களிடம் ஃபோனில் உள்ள கேள்விகளைக் கேட்க வேண்டும், ரத்தம் எடுக்க அனுப்ப வேண்டும். பெண்களாக இருந்தால் எடை மெஷினுக்குப் பின்னால் போர்வையைத் திரையாகக் கட்டி, உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும். உண்ணிக்குஞ்சு கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு நிற்கும், சுற்றிலும் சிவந்த வளையம். பலருக்கு அது இருக்காது. ஆனால் இருந்துவிட்டால், ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருந்தைத் தொடங்கலாம். முதல் நாட்களில் பரிசோதனை ஏமாற்றவும் கூடும், பொருக்கு ஏமாற்றாது. 'கறுப்புப் பொருக்கு: ஆம் / இல்லை' என்று படிவத்தில் ஒரு வரி. ஒன்றைத் தொட்டு முடித்தால் படிவம் பூட்டிக்கொள்ளும், பிறகு மாற்ற முடியாது; சிக்னல் கிடைத்ததும் தானே போய்விடும்.

ஐப்பசி முடியும் சமயம் தேவி வந்தாள். முப்பத்திரண்டு வயது. சிலோன் குடும்பம். பதினெட்டாம் நம்பர் காட்டில் அவளைப்போல வேகமாகப் பறிக்க ஆளில்லை. மூன்று நாள் காய்ச்சல், தலைவலி, கண் சிவந்திருந்தது.

"அக்கா, சேலையெல்லாம் அவுக்கணுமா? எனக்குக் கூச்சமா இருக்கு."

"எனக்கு மட்டும் உன்ற இடுப்பப் பாக்கோணும்னு வேண்டுதலா புள்ள? திரும்பு."

அக்குளில் ஒன்றுமில்லை. கழுத்தில், மார்புக்கு அடியில் ஒன்றுமில்லை. இடுப்பில் இடது பக்கம், படங்கு இறுகும் இடத்தில் ஒரு காயம் இருந்தது. செடியின் ஈரம் படாமலிருக்கப் பறிக்கும் பெண்கள் சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் முரட்டு பிளாஸ்டிக் தாள்தான் படங்கு. காயத்தின் மேல் சுண்ணாம்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது, ஓரத்தில் புகையிலைத் துணுக்கு.

"இது என்ன?"

"அட்ட கடிச்சதுதான், வேறென்ன. எப்ப ஏறுச்சுன்னே தெரியல. வெத்தலப் பையில இருந்த சுண்ணாம்பத் தடவி விட்டேன்."

மழைக்காலத்தில் அட்டை கடிக்காத கால் அந்த எஸ்டேட்டில் கிடையாது. கடித்த இடத்தில் ரத்தம் நிற்கச் சுண்ணாம்பைப் பூசிவிட்டு அடுத்த செடிக்குப் போவார்கள். பதினோரு வருஷம் வேலாமணியும் அதைத்தான் செய்தார். பயிற்சியில் காட்டிய படங்களில் இருந்த பொருக்குகள் எல்லாம் துடைத்த தோலில் சுத்தமாக, கறுப்பாக இருந்தன. ஒன்றின் மேலும் சுண்ணாம்பு இல்லை.

'இல்லை' என்பதைத் தொட்டார். படிவம் பூட்டிக்கொண்டது. ரத்தம் எடுத்து, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து தேவியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் காலை தேவிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. எஸ்டேட் ஜீப்பில் கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண்ணைத் திறக்கிறாள், பேச்சு வரவில்லை என்று பத்து மணிக்குத் திரும்பி வந்த ஜீப்பில் செய்தி வந்தது. அன்றைக்கு சசிதரன் அங்கேதான் இருந்தார், அவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மதியம் கூட்டம் குறைந்திருந்தது. வேலாமணி மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தார். எட்டு நாளுக்கு முன் அட்டை கடித்த இடம். அட்டைக்கடி அப்படித்தான், ஆறினாலும் பத்து நாள் விடாமல் அரிக்கும். சொறிந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

தேவியின் காயத்தை அழுத்திப் பார்த்தபோது அவள் முகம் சுளிக்கவில்லை. சொறியவும் இல்லை. சுற்றிலும் நகக்கீறல் ஒன்றுகூட இல்லை. எப்ப ஏறுச்சுன்னே தெரியல என்றாள். இடுப்பில் அட்டை கடித்திருந்தால் பாவாடை நாடாவெல்லாம் ரத்தமாகியிருக்கும், தெரியாமல் எப்படிப் போகும்?

எழுந்து நின்று சில்வஸ்டரிடம் சொன்னார்.

"துடைச்சுப் பாக்காமயே இல்லைன்னு போட்டுட்டியா?" என்றார் சில்வஸ்டர். அந்த ஒரு தடவை அவர் டாக்டரம்மா என்று சொல்லவில்லை.

"ஆமாங்க."

"அப்ப பேசாம இரு. ரத்த ரிசல்ட் வந்தா அவங்களே தெரிஞ்சுக்குவாங்க. நீயா வாயக் குடுத்தா, ஒருத்தி படிவம் மட்டும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. நீ போட்ட அத்தனையும் தப்புன்னுதான் சொல்லுவாங்க. அந்த அடையாள அட்டையைக் கழட்டி வாங்கிட்டுப் போயிடுவாங்க, பாத்துக்க."

அவர் சொன்னது பொய்யில்லை. அதுவரை வேலாமணி அறுபத்து மூன்று படிவம் அனுப்பியிருந்தார். ஒன்று பொய்த்தால் மற்றதை யார் நம்புவார்கள்? கழுத்தில் தொங்கிய அட்டையில் 'கள ஆய்வாளர்' என்று இருந்தது. இயற்பியலில் தவறிய ஒருவருக்கு அந்த வார்த்தை எவ்வளவு பெரியது என்பதைத் தேர்வில் தவறாதவர்கள் கணக்கிட முடியாது.

"ரிசல்ட் எப்பங்க வரும்?"

"நாளைக்கு. இல்லாட்டி நாளன்னைக்கு."

"அது வரைக்கும் அவ தாங்குவாளா?"

சில்வஸ்டர் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணத் தொடங்கினார்.

டிஸ்பென்சரியில் ஃபோன் எடுக்காது. கொழுந்து எடை போடும் ஷெட்டுக்கு மேலே உள்ள வளைவுக்குப் போனால்தான் சிக்னல், அதுவும் பாதி நேரம் கேரளா டவர். எந்த மேட்டில் ஏற மாட்டேன் என்று முழங்கால் சொன்னதோ, அதே மாதிரி மேடு. வேலாமணி ஏறினார். மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

"சார், தேவி படிவத்துல நான் தப்புப் பண்ணிப்போட்டேனுங்க. இடுப்புல எடது பக்கம், படங்கு கட்டற எடத்துல ஒரு காயம் இருக்குதுங்க. சுண்ணாம்பு அப்பியிருக்கும். அட்டைக்கடின்னு நெனச்சு நான் தொடைக்கவே இல்லீங்க. தொடச்சுப் பாருங்க சார், இப்பவே பாருங்க."

"வைக்காதீங்க சேச்சி" என்றார் சசிதரன். நடக்கிற சத்தம் கேட்டது, யாரிடமோ ஈரப் பஞ்சு கேட்பது கேட்டது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. எடை ஷெட்டில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். வேலாமணி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

"கறுப்பா இருக்கு" என்றார் சசிதரன். "சுத்தி வளையமும் இருக்கு. டெங்கு பாத்தாச்சு, எலிக்காய்ச்சல் பாத்தாச்சு, உண்ணிக் காய்ச்சலுக்கான உடனடி டெஸ்ட்டும் இல்லைன்னுதான் காட்டுச்சு. நான் வேற எங்கேயோ தேடிட்டு இருந்தேன் சேச்சி. வைக்கிறேன், மருந்து ஏத்தணும்."

"ரெண்டுமேங்களா?"

"ரெண்டுமே."

அரை மணி நேரத்தில் இரண்டு மருந்தும் தேவியின் ரத்தத்தில் இறங்கத் தொடங்கின. மறுநாள் காய்ச்சல் அசையவில்லை. அதற்கு அடுத்த நாள் இறங்கியது. மூன்றாம் நாள், மூக்கிலிருந்து ஆக்ஸிஜன் குழாயை எடுத்ததும் தேவி கேட்ட முதல் கேள்வி, தனக்கு ஒதுக்கிய செடி நிரையை யார் பறிக்கிறார்கள் என்பது. பார்க்கப் போயிருந்த வேலாமணி வராந்தாவுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நல்லபடியாக முடிந்ததை யாரும் தோண்டுவதில்லை. ஆனால் திங்கட்கிழமை வேலாமணி தான் 'இல்லை' போட்ட பெண்களின் பட்டியலைக் கையில் எழுதிக்கொண்டு லைன் லைனாகப் போனார். "காய்ச்சல் வந்தப்ப எங்காச்சும் சுண்ணாம்பு பூசியிருந்தயா?" என்று கேட்டார். நல்ல வேளை, எல்லோருக்கும் மாத்திரையிலேயே குணமாகியிருந்தது. ஐந்து பேர் பூசியதாகச் சொன்னார்கள். நான்கு பேருக்கு வட்டத் தழும்பு இன்னும் இருந்தது. அதில் மூன்று, படங்கு கட்டும் இடத்தில். ஐந்து பேரையும் எழுதி, 'இவை என் தவறுகள்' என்று தலைப்பிட்டு, கையெழுத்துப் போட்டு சசிதரனிடம் கொடுத்தார். கூடவே கழுத்து அட்டையையும் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

சசிதரன் அட்டையைத் தொடவில்லை. பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு பேருக்கும் அதே இடம். ஏன் சேச்சி?"

"பூச்சி கீழிருந்து ஏறுதுங்க. ஏறிட்டே போறது, இறுக்கிக் கட்டுன எடம் வந்தா அதுக்கு மேல வழி இல்லாம அங்கயே நின்னு கடிக்கும்னு நான் நெனக்கறேன். செரியான்னு தெரியலீங்க."

"இறுக்கமான துணி இருக்கிற இடத்துல நின்னு கடிக்கும்னு புத்தகத்துலயும் இருக்கு. ஆனா படங்குன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல" என்றார் அவர். "அட்டையை மாட்டுங்க. யாராவது பாத்தா நான் பிடுங்கிட்டேன்னு நினைப்பாங்க."

பட்டியல் தலைமை ஆராய்ச்சியாளரிடம் போயிற்று. இரண்டு வாரத்தில் எல்லா எஸ்டேட்டுக்கும் படிவம் மாறி வந்தது. புதிதாக இரண்டு வரி: 'சுண்ணாம்பு, புகையிலை பூசியிருந்தால் துடைத்துப் பார்த்தீர்களா? படங்கு கட்டும் இடத்தைப் பார்த்தீர்களா?' இப்படிப் பிழையைப் பிழை என்று எழுதி வைப்பதும் ஆராய்ச்சிதானா என்று நாம் கேட்டுக்கொள்ளலாம். ஆராய்ச்சியில் பாதி அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

தை மாதம் கூடலூரில் சுற்றுவட்டார எஸ்டேட்களின் சுகாதார உதவியாளர்களைக் கூட்டினார்கள். இருபத்திரண்டு பெண்கள். இரண்டு காயத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வேலாமணியை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். அவர் தேவியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார், படங்கைக் கட்டிக் காட்டுவதற்கு.

"இத பாருங்க. அட்டைக்கடின்னா அரிக்கும், ரத்தம் நிக்காது. இது அரிக்காது, வலிக்காது. சுண்ணாம்பு இருந்தா ஈரத் துணி போட்டு ஊற வெச்சுத் தொடைங்க, பிச்சு எடுக்காதீங்க. கைய இப்படி உள்ள விட்டு, சுத்திலும் தடவிப் பாருங்க."

"மெதுவா அக்கா, கூசுது!" என்று தேவி நெளிந்தாள். கூட்டம் சிரித்தது.

முன்வரிசையில் பாலாமணி என்ற பெண் எழுந்தாள். "ஏனுங்கக்கா, இத மொதல்ல எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

சசிதரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேலாமணி முந்திக்கொண்டார்.

"இவ இடுப்புல இருந்தத நான் பாத்தும் இல்லைன்னு எழுதிப்போட்டேன். அப்பிடித்தான் கண்டுபுடிச்சேன். நீங்களும் எழுதியிருப்பீங்க. ஊருக்குப் போனதும் பழைய பேரெல்லாம் எடுத்து ஒருக்கா வூடு வூடாப் போய்ப் பாத்துட்டு வாங்க."

பாலாமணி உட்கார்ந்து தன் பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தாள். பக்கத்தில் இருந்தவளும் எடுத்தாள். இருபத்திரண்டு தலைகள் குனிந்து பேர் எழுதத் தொடங்கியதை வேலாமணி நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.