என் பி.ஆரை வெட்டியது யார்?

மூக்கு உடையும்போது சத்தம் கேட்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முற்றிய முருங்கைக்காயை முறித்தால் ஒரு சத்தம் வருமே, அதேதான். ஆட்டுத் தொடையால் அடித்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது, கல் மாதிரி இருந்தது. சொல்லும்போதே சிரிப்பு வருகிறது. "சிரியாமல் சொல்லுங்கோ அம்மா, பாவம் அந்த மனுசன்" என்கிறாள் மகள். எனக்கு எழுத்து வாசிப்புக் கிடையாது. நான் சொல்லச் சொல்ல, பேச்சை நேராக்கி, தூஷணத்தையெல்லாம் விட்டுவிட்டு அவள்தான் எழுதுகிறாள். தூஷணம் போனதால் பாதிச் சுவையும் போய்விட்டது என்பதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அடி வாங்கியவர் எங்கள் கடையில் சம்பளக் கணக்கு, பேப்பர் வேலை பார்க்கிறவர். முதலாளியின் மச்சான், அதாவது முதலாளியின் மனைவியின் தம்பி. நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் தம்பி என்பேன், அவர் அன்ரி என்பார்.

கடை லண்டனில், எட்மண்டனில். இறைச்சிக் கடை. அதற்கு முன் ஏழு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவினேன். ஏழு வருடமும் என்னைப் பார்த்து ஒருவர் 'நல்லாச் செய்தாய்' என்று சொன்னதில்லை. இங்கே முதல் நாளே முதலாளி ஒரு முழு ஆட்டை மேசையில் போட்டு, "ஏலுமோ அன்ரி?" என்றார். நெஞ்செலும்பை நாலு கொத்தில் பிளந்தேன். ஈரலை நசுங்காமல் எடுத்தேன். தலையை நிமிர்த்தி வைத்து நடுவால் ஒரே போடு. மூளை சிந்தாமல் இரண்டு பாதியும் இரண்டு பக்கம் விழுந்தன. வரிசையில் நின்ற சனம் கை தட்டியது! அறுபத்து மூன்று வயதில் எனக்குக் கை தட்டினார்கள். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், இந்த மேசையை விட்டு என்னை யாரும் கிளப்ப முடியாது என்று.

மகளுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. இரத்தம், கத்தி, வாடை. கடையில் சண்டையும் நடக்கும். கடைசி ஈரலுக்காக இரண்டு பேர் மோதி, ஒருவர் மற்றவரின் காதைக் கடித்துத் தொங்கவிட்டதை அவளிடம் நான்தான் வாய் தவறிச் சொன்னேன். "ஒரு கரைச்சல் வந்தாலும் வேலையை விட்டு நிண்டுபோட வேணும்" என்ற நிபந்தனையோடுதான் விட்டாள்.

கரைச்சல் முதல் கிழமையே தொடங்கிவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. பழைய வேலையிலிருந்து வரவேண்டிய வரித் தாள் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தம்பி ஒரு ஃபோர்ம் நிரப்பினார். ஒரு காதில் போன், மற்றக் காது எனக்கு.

"அன்ரி, வேற வேலை இருக்கோ?"

"இல்லாமலோ தம்பி? இடுப்பு முறியுது."

நான் சொன்னது வீட்டில் இருக்கிற சமையலையும் உடுப்புத் தோய்க்கிறதையும். அவர் கேட்டது வேறொரு இடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறேனா என்று. இருக்கிறது என்று புள்ளடி போட்டு அனுப்பிவிட்டார். இரண்டு வேலை இருக்கிற ஆளுக்கு, இரண்டாவது வேலையில் முதல் பவுணிலிருந்தே வரி வெட்டுவார்களாம். அதற்கு ஒரு கோட், குறியெழுத்து, இருக்கிறதாம். அந்தக் கோட்டின் பெயர் பி.ஆர்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்த பி.ஆர் ஒன்றே ஒன்றுதான். இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம் என்று பதினொரு வருடம் காத்திருந்து நாங்கள் எடுத்த பி.ஆர். வெள்ளைக்காரன் வாயில் இரண்டும் வேறு வேறாம்; வரிக் கோட் BR, விசா PR என்று மகள் எழுதுகிறாள். ஒன்றுக்கு உதட்டை ஊதவேண்டுமாம். எங்கள் வாயில் இரண்டும் ஒன்றுதான்.

சிற்றிசன் எடுக்கச் சோதினை எழுத வேண்டும், அது எனக்கு ஏலாது. அதனால் என்னிடம் இருப்பது அந்தப் பி.ஆர் மட்டும். அந்தக் கார்டும் இனிச் செல்லாது, எல்லாம் கொம்பியூட்டரில்தான் என்று மகள் சொல்லியிருந்தாள். கொம்பியூட்டரில் இருக்கிறதை யார் எப்போது அழிப்பான் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பயம் அப்போதே இருந்தது.

முதல் சம்பளச் சிலிப் வந்த அன்று, பொதி சுற்றுகிற பெண்ணிடம் வாசிக்கக் கொடுத்தேன். வவுனியாப் பிள்ளை, நல்ல பிள்ளை, கையுறையைக் கழற்றிவிட்டு வாசித்தாள்.

"அக்கா, என்ன இது? உங்களுக்குப் பி.ஆர் எண்டு போட்டு நல்லா வெட்டிக் கிடக்கு."

"பி.ஆரை வெட்டிப்போட்டாங்களோ?"

"ஓம் அக்கா. இப்பிடி வெட்டினா என்னெண்டு சீவிக்கிறது?"

கையில் வெட்டுவதற்கு எடுத்த தொடை. அதோடேயே தம்பியின் அறைக்குப் போனேன்.

"தம்பி, என்ர பி.ஆரை ஆர் வெட்டினது?"

அவர் நிமிரவில்லை. "நாங்கள் இல்லை அன்ரி. கவுண்மென்ற்தான் வெட்டுறது."

"அவங்களுக்கு என்னைப் பற்றி ஆர் சொன்னது?"

"நான்தான். உங்கட விபரம் முழுக்க முதல் கிழமையே அனுப்பிப்போட்டன்."

விபரம் அனுப்புகிறவர்களை எங்கள் ஊரில் எங்களுக்குத் தெரியும். ஒருவன் அனுப்பின விபரத்தால் என் கூடப்பிறந்த தம்பியை வீட்டு வாசலில் வைத்து அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம். தொடையை இரண்டு கையாலும் தூக்கியது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு அந்த முருங்கைக்காய்ச் சத்தம்.

இரத்தம் சிலிப்புகளின் மேல் பீறியது. அவர் எழும்பி, கண் தெரியாமல், இரண்டு கையாலும் என்னைத் தள்ளினார். நான் அறைக் கதவால் பின்பக்கமாகப் போய், கடையில் இறைச்சி வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் விழுந்தேன். கண்ணாடி நொறுங்கி முழங்கைக்கு மேலே கிழித்தது. நோகவில்லை! அதுதான் அதிசயம். கோழிக் காலுகளுக்கு நடுவிலிருந்து எழும்பி வந்து அவர் கையைக் கடித்தேன். பல்லுச் செட் கழன்று அவர் கையிலேயே நின்றுவிட்டது. அதைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தை மூக்கு உடைந்தபோது கூடப் போடவில்லை. என் மனுசனை ஒருநாள் உலக்கையால் அடித்திருக்கிறேன். அவர் என்னை இருபது வருடம் அடித்ததற்கு அந்த ஒரு அடி. அன்றைக்குக்கூட இவ்வளவு இரத்தம் வரவில்லை.

சத்தம் கேட்டு ஓடி வந்த வவுனியாப் பிள்ளை ஐஸ் வாளியைத் தூக்கி எங்கள் இரண்டு பேர் தலையிலும் கவிழ்த்தாள்.

"அக்கா! அது டக்ஸ் கோட் அக்கா! விசாப் பி.ஆர் இல்லை!"

பல்லில்லாத வாயோடு நான் "எ‌ன்ன?" என்று கேட்க, தம்பியும் மூக்கைப் பொத்திக்கொண்டு "என்ன?" என்று கேட்டார். அவருக்கும் அப்போதுதான் விளங்கியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்கள். நாலு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். நர்ஸ் என்னைத் தனியே கூட்டிப்போய், வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டாள். "நோ, நோ. ஐ அடி" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை, தோளைத் தடவினாள்.

"வேற வேலை எங்க செய்யிறியள்?" என்று தம்பி மூக்கால் கேட்டார்.

"வேற ஒரு இடத்திலும் இல்லை. வீட்டு வேலையைச் சொன்னனான்."

அவர் மூக்கில் பஞ்சைத் திரும்ப அமுக்கினார். "ஒரு சொல்லுக்கு என்ர மூக்குப் போச்சே, அன்ரி."

"என்ர பல்லுச் செட்டும் போச்சுத் தம்பி."

சும்மா இருக்க ஏலாமல் அவரே வரி வெட்டுகிற டக்ஸ் கந்தோருக்குப் போன் எடுத்தார். முக்கால் மணித்தியாலம் பாட்டுத்தான் போனது. கடைசியில் போனில் ஒரு பெண் வந்தாள், முதலில் என்னோடுதான் கதைக்க வேண்டுமாம். பெயர் சொன்னேன். வரி நம்பரைப் பாட்டுப் போலப் பாடமாக்கி வைத்திருக்கிறேன், பாடினேன். பிறந்த நாள், ஜனவரி ஒன்று. அது என்னை வெளிநாட்டுக்கு அனுப்பின ஏஜென்சிக்காரன் தந்த பிறந்த நாள். உண்மையானது அம்மாவுக்குத்தான் தெரியும், அம்மா போய்விட்டாள். பிறகு தம்பி வாங்கிக் கதைத்தார். பஞ்சு அடைத்த மூக்கால் அவர் பேசிய இங்கிலிஷை அந்தப் பெண் மூன்று தரம் திருப்பிக் கேட்டாள். பள்ளிக்கூட வேலை எப்போது முடிந்தது, இப்போது ஒரே வேலைதானா என்று கேட்டு எழுதிக்கொண்டாள். புதுக் கோட் வரும், கூட வெட்டினது சம்பளத்தோடு திரும்பி வரும் என்றாள்.

தம்பி போனை வைக்கக்கூட இல்லை, முதலாளியின் போன் வந்துவிட்டது. இல்ஃபோர்டில் இருக்கிற தன் மற்றக் கடையில் நின்றவருக்கு யாரோ கண்ணாடிப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். குரல் எனக்கே கேட்டது.

"ஆர் முதல்ல கை வைச்சது? அந்த ஆள் இனிக் கடைக்கு வரத் தேவையில்லை."

எனக்கு அந்த மேசைதான் கண்ணில் வந்தது. பிறகு ஒன்பது தையல் போட்டபோது கூட அவ்வளவு நோகவில்லை.

"நான்தான் அத்தான்" என்றார் தம்பி. "கோவத்தில தள்ளிப்போட்டன். அன்ரி விழேக்க கை பட்டு மூக்கில அடிச்சுது."

போனை வைத்ததும் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"பின்ன? அறுபத்தி மூண்டு வயசு மனிசி ஆட்டுக் காலால அடிச்சு விழுத்தினவ எண்டு வெளியில தெரிஞ்சா நான் கோயிலுக்கும் போகேலாது. வாயைத் திறந்தியளோ, உங்கட வேலை போச்சு. சொல்லிப்போட்டன்."

மனைவியின் தம்பி என்பதால் முதலாளி அவரை வேலையை விட்டு நிப்பாட்டவில்லை; இரண்டு கிழமை வீட்டில் இருத்தினார்கள். நான் கையில் கட்டோடு திரும்பிப் போனேன். அடுத்த சிலிப்பில் நாலு இலக்கமும் கடைசியில் 'எல்' என்ற எழுத்தும் இருந்தன. அதுதான் சரியான கோட் என்றாள் வவுனியாப் பிள்ளை. எல்லாம் நேராகிவிட்டது, என் நெஞ்சைத் தவிர. வாழ்க்கையில் நான் அடித்த நல்ல அடிகள் இரண்டு. அதில் ஒன்றை அவர் தன்னுடையதாக்கிவிட்டார்.

ஆனால் சனம் வேறு மாதிரிக் கதைத்தது. "கிழவியைக் கண்ணாடிக்குள்ள தள்ளினவன் இவன்தானே?" என்று, அவர் வேலைக்குத் திரும்பியதும் பெண்கள் அவர் காதுபட நொடித்தார்கள். கல்லாவில் உதவிக்கு நின்றபோது ஒருத்தி மிச்சக் காசை அவர் கையில் வாங்கமாட்டேன் என்று மேசையில் வைக்கச் சொன்னாள். தீபாவளிக்கு முதல் சனிக்கிழமை, வரிசை ரோட்டு வரை. பெரிய உடம்புக்காரர் ஒருவர் மேசைக்கு மேலால் பாய்ந்து தம்பியின் கொலரைப் பிடித்தார்.

"வயசு போன மனிசியில கை வைப்பியோடா?"

முஷ்டி அந்த மூக்குக்கு நேரே போய்விட்டது. பிளாஸ்டர் இன்னும் எடுக்கவில்லை. தம்பி கண்ணை மூடிக்கொண்டார். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. முதலாளி கல்லாவில் நின்றார். எனக்குத் தெரியும், சொன்னால் வேலை போகும்.

மேசையில் கத்தியை ஓங்கிக் குத்தினேன். "விடும் அவரை! நான்தான் முதல் அடிச்சனான்! ஆட்டுக் காலால அடிச்சனான்! மூக்கு உடைச்சது நான்!"

பெரிய உடம்புக்காரர் கொலரை விட்டு இரண்டு அடி பின்னால் போனார். வரிசையில் யாரோ கை தட்டத் தொடங்கி, முதலாளியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

முதலாளி கிட்ட வந்தார். தம்பியின் மூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். தொங்குகிற பன்னிரண்டு ஆட்டையும் பார்த்தார்.

"தீபாவளி முடியட்டும் அன்ரி. பிறகு கதைப்பம்."

தீபாவளி முடிந்தது. அவர் இன்னும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஆட்டை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.